ஓர் ஊசிக்கு விமர்சனம்

புத்தகம், சினிமா, கச்சேரி, கல்யாண வீட்டு ரசம், எல்லாவற்றுக்கும் விமர்சனம் உண்டு. ஓர் ஊசிக்கு விமர்சனம் வந்து நான் பார்த்ததில்லை. சினிமா டிக்கெட் வாங்குமுன் நாலு பேரிடம் ‘படம் எப்படி?’ என்று கேட்கிறோம். கழுத்தெலும்புக்குள் இறங்கப்போகிற ஊசியைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. டாக்டர் சொன்னார், குப்புறப் படுத்தோம், அவ்வளவுதான்.

எனக்கும் கேட்கத் தோன்றியிருக்காது, நண்பர் வந்திருக்காவிட்டால். பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். எட்டு மாதம் முன்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவருடைய ஆட்டோவைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. ஆட்டோவுக்கு லேசான கீறல். இவருக்கு அதுகூட இல்லை. இறங்கி, வேன்காரனோடு சம்பிரதாயத்துக்கு இரண்டு நிமிஷம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் கழுத்து திரும்பவில்லை.

அப்புறம் வழக்கமான ஊர்வலம். தைலம், ஒத்தடம், கழுத்துப் பட்டை, மாத்திரை, ‘சுளுக்குதான், வழிச்சா போயிடும்’ என்ற பக்கத்து வீட்டு மாமி. கழுத்தின் பின்பக்கம் ஆரம்பிக்கிற வலி, இடது தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. “பல்வலி மாதிரி இருக்கு சார், ஆனா முதுகுல” என்றார். வலியைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு வலி நிவாரண கிளினிக். கழுத்து மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, மாதத்துக்கு ஒன்றாக மூன்று. மூன்றையும் சேர்த்து எடுத்தால் ‘பேக்கேஜ்’, கொஞ்சம் சகாயம். அவருடைய பென்ஷனில் இரண்டு மாதம் அதற்குப் போய்விடும்.

“போட்டுக்கலாமா சார்? நீங்கதான் எப்பவும் எதையாவது படிச்சிட்டு இருப்பீங்களே.”

நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ஊசியின் ஜாதகம் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தேன். ஒரு நாவலுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது.

முதலில் கதாநாயகன். நம் கழுத்தில் ஏழு எலும்புகள். முன்பக்கம் ஒன்றுக்கொன்று நடுவில் டிஸ்க், அதாவது ஜவ்வு. இதைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆட்டோக்காரர்கூட ‘டிஸ்க் நகர்ந்திடுச்சு’ என்பார். பின்பக்கம், இடமும் வலமுமாக, ஓடு மேல் ஓடு வேய்ந்ததுபோல ஜோடி ஜோடியாகச் சின்ன மூட்டுகள் இருப்பது நமக்குத் தெரியாது. இரண்டாவது எலும்பிலிருந்து ஏழாவது வரை மட்டும் எண்ணினால் பத்து மூட்டு. ஃபாஸெட் ஜாயின்ட் என்பார்கள். ஒவ்வொன்றும் விரல் நகத்தளவு. உள்ளே ஒரு மில்லிக்கும் குறைவாகத்தான் மருந்து கொள்ளும்.

முதுகு வலிக்கு இந்த மூட்டு காரணமாக இருக்கலாம் என்று 1933-லேயே அமெரிக்காவில் கோர்ம்லி என்ற எலும்பு டாக்டர் எழுதி, ‘ஃபாஸெட் சிண்ட்ரோம்’ என்று பெயரும் வைத்தார். பாவம், நேரம் சரியில்லை. அடுத்த வருஷமே பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்று இரண்டு பேர் ‘டிஸ்க்தான் குற்றவாளி’ என்று புகழ்பெற்ற கட்டுரையைப் போட்டார்கள். உலகம் டிஸ்க் பின்னால் ஓடியது. ஃபாஸெட் பல வருஷங்களுக்குத் துணை நடிகர்.

1990-ல் ட்வையர், ஏப்ரில், போக்டக் என்ற மூன்று பேர் ஒரு காரியம் செய்தார்கள். கழுத்து வலி இல்லாத ஆட்களைப் பிடித்து, ஒவ்வொரு மூட்டிலும் திரவத்தை ஏற்றி அதை உப்பச் செய்து, ‘இப்போ எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டு வரைபடம் போட்டார்கள். வலிக்காதவனுக்கு வலி கொடுத்து ஆராய்ச்சி. மேல் மூட்டை உசுப்பினால் பின்மண்டைப் பக்கம் வலிக்கிறது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே என்றால் தோள் மேல். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே என்றால் தோள்பட்டை எலும்பின் மேல்.

அதாவது, நண்பர் எட்டு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றும் பழுதில்லாமல் இருக்கலாம். மேல்முதுகில் வலிக்கிறது என்பதால் கோளாறு மேல்முதுகில்தான் என்று ஆகாது. மணி அடிப்பது ஹாலில், பட்டன் வாசலில். இந்த ஒரு படத்துக்காகவே அந்தக் கட்டுரைக்கு நல்ல மார்க் போடலாம்.

சரி, நண்பரின் வலி இந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, தேய்மானம் இருக்கு’ என்று அந்தக் கவரைப் பிரித்துக் காட்டினார். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததை 2015-ல் வெளியிட்டார்கள். 87.6 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலி கிடையாது, மரப்பு கிடையாது, சௌக்கியமாக இருக்கிறவர்கள். கழுத்துத் தேய்மானம் தலை நரைப்பது மாதிரி. நரைத்திருக்கிறது என்பதால் தலைவலிக்கு நரைதான் காரணம் என்று சொல்வோமா? ஆபத்தான வேறு வியாதிகள் இல்லை என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் உதவும். ‘இந்த மூட்டுதான் வலிக்கிறது’ என்று அதனால் கை காட்ட முடியாது.

இதற்கு இருக்கிற ஒரே நல்ல பரிட்சை வேறு. சந்தேகப்படும் மூட்டுக்குப் போகும் இரண்டு சின்ன நரம்புகளை, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போகும் மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது. வலி மறைந்தால் அந்த மூட்டு மாட்டிக்கொண்டது. கேட்கச் சுலபம். ஆனால் மனித மனசு என்று ஒன்று நடுவில் இருக்கிறது. ஊசி, ஆபரேஷன் தியேட்டர், பச்சை உடை, பெரிய டாக்டர், இதிலேயே பாதி வலி போய்விடும். ஒரே ஒரு தடவை மரக்கடித்துப் பார்த்து ‘ஆமாம், இதுதான்’ என்று முடிவு கட்டினால், அது நூற்றுக்கு 27 தடவை பொய்யாகிறது என்று ஆஸ்திரேலியாவின் நியூகாஸ்ல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் கணக்குச் சொன்னார்கள். அதனால் இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒரு தடவை சீக்கிரம் தெளியும் மருந்து, இன்னொரு தடவை நெடுநேரம் நிற்கும் மருந்து, எது எப்போது என்று நோயாளிக்குச் சொல்லாமல். சின்ன மருந்துக்குச் சின்ன நிம்மதி, பெரிய மருந்துக்குப் பெரிய நிம்மதி என்று அவர் சரியாகச் சொன்னால்தான் நம்பலாம்.

நண்பருக்கு எத்தனை தடவை செய்தார்கள்? “அப்படி ஒண்ணும் பண்ணலையே சார். கழுத்தை அழுத்திப் பார்த்தாங்க. நேரே ஊசின்னுட்டாங்க.”

இனி கதையின் மையக் காட்சி. அதே நியூகாஸ்ல் கோஷ்டி, பார்ன்ஸ்லி, லார்ட், வாலிஸ், போக்டக். 1994, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’. கார் விபத்துக்குப் பிறகு கழுத்து வலி நிரந்தரமாகிவிட்ட 41 பேரை எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட என் நண்பர் கேஸ். சும்மா பொறுக்கவில்லை. நரம்பை மரக்கடித்து, வலி இந்த மூட்டில்தான் என்று உறுதிசெய்த பிறகே சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு வெறும் மரப்பு மருந்து, சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் சாதாரண சரக்கு. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வலி, பழைய வலியில் பாதி அளவுக்குத் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள்.

நோயாளிகளை நாள் கணக்கில் வரிசையாக நிற்க வைத்து நடுவில் இருப்பவரைப் பார்த்தால், மரப்பு மருந்துக்காரருக்கு மூன்றரை நாள். ஸ்டீராய்டுக்காரருக்கு?

மூன்று நாள்.

இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். மூன்று நாள்தான். ஒரு வாரத்துக்கு மேல் நிம்மதி என்று சொன்னவர்கள் இரண்டு கோஷ்டியையும் சேர்த்தே பாதிக்கும் குறைவு. ஒரு மாதம் தாண்டியவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. இதில் ‘மாதத்துக்கு ஒன்று’ என்ற பேக்கேஜ் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்புப் பக்க மூட்டுகளுக்கு இதேபோல் ஒரு பரிசோதனை, கனடாவில், மூன்று வருஷம் முன்பே, 1991-ல் வந்திருந்தது. ஸ்டீராய்டும் உப்புத் தண்ணீரும் ஒரு மாதத்திலும் சரி, மூன்று மாதத்திலும் சரி, பெரிய வித்தியாசமில்லை என்றது. அதாவது இரண்டு சாட்சிகள். முப்பது வருஷம் ஆயிற்று. ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமாவாக இருந்தால் வெள்ளிவிழா கொண்டாடியிருப்பார்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 41 பேர் என்பது சின்னக் கூட்டம். எல்லோரும் விபத்துக் கேஸ். வயதாகித் தேய்ந்த மூட்டு, வாத நோயில் வீங்கிய மூட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஸ்டீராய்டு என்பது அடிப்படையில் அழற்சியை அடக்கும் மருந்து. அழற்சியே இல்லாத இடத்தில் அது எதை அடக்கும்? வீட்டில் நெருப்பில்லாதபோது ஃபயர் எஞ்சின் வந்தமாதிரி. இது என் ஊகம்தான்.

“அப்போ ஊசி போட்டுக்கிட்டு நல்லாயிட்டேன்னு சொல்றவங்கள்லாம் பொய் சொல்றாங்களா?” நண்பர் விடவில்லை. அவருடைய மச்சினருக்கு இதே ஊசி பலித்திருக்கிறதாம்.

இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஊசியோடு கலந்து கொடுக்கிற மரப்பு மருந்து சில மணி நேரம் நிஜமாகவே வேலை செய்கிறது. எழுந்து உட்கார்ந்ததும் கழுத்து திரும்பும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடுத்தது நம்பிக்கை தருகிற நிம்மதி. அதையும் கேலி செய்ய நான் தயாரில்லை, வலி குறைந்தால் குறைந்ததுதான். மூன்றாவதுதான் சூட்சுமம். கழுத்து வலி ஏறி இறங்குகிற ஜாதி. நாம் எப்போது டாக்டரிடம் ஓடுகிறோம்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருந்து எந்த வலிக்கும் போக்கிடம் கீழேதான். கால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1886-ல் அப்பா பிள்ளைகளின் உயரத்தை வைத்துச் சொன்ன விஷயம் இது, அதீதமானது எதுவும் அடுத்த தடவை சராசரியை நோக்கி வரும் என்று. நம் ஊரில் அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று பெயர்.

இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் இன்னொரு கோஷ்டிக்குச் சும்மா ஊசி போட்டு ஒப்பிடுகிறார்கள். மச்சினருக்கு அந்த இன்னொரு கோஷ்டி கிடையாது. ஊசி போட்டுக்கொள்ளாத மச்சினர் என்று ஒருவரை நாம் பார்க்கவே முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் ‘ஊசி மோசடி’ என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன். 1996-ல் அதே கோஷ்டி, அதே பத்திரிகையில் எழுதியது என்னைத் தடுத்தது. இந்த முறை மூட்டுக்குள் மருந்து இல்லை. வலியைச் சுமந்து செல்லும் அந்தச் சின்ன நரம்புகளையே ரேடியோ அலை ஊசியால் சுட்டு விடுவது. 24 பேர், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒரு கோஷ்டிக்கு ஊசியைச் சரியான இடத்தில் வைத்து, கரன்ட் கொடுக்காமல் எடுத்துவிட்டார்கள். வலி பாதியளவுக்குத் திரும்ப, சும்மா வைத்தவர்களுக்கு 8 நாள். சுட்டவர்களுக்கு 263 நாள்.

மூன்று நாள் எங்கே, 263 நாள் எங்கே! நரம்பு மறுபடி வளர்ந்துவிடும், வலி திரும்பலாம், சுட்ட இடத்துத் தோல் கொஞ்ச நாள் மரத்திருக்கும். இருந்தாலும் தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு ஒன்பது மாதம் என்பது சாதாரணமா? மேற்படி பேப்பரில் நான் ரசித்தது அதன் பிடிவாதத்தைத்தான். ஒப்புக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று என்று திரும்பத் திரும்ப மரக்கடித்துச் சோதித்து, தேறியவர்களை மட்டும் எடுத்தார்கள். குறையும் அதிலேயே இருக்கிறது. இவ்வளவு சல்லடை போட்டுச் சலிக்க வாரச் சந்தை மாதிரி கூட்டம் நிற்கும் கிளினிக்கில் யாருக்கு நேரம்? ஒரு தடவை மரக்கடித்து, ‘பாதி வலி போச்சா? சரி, சுட்டுடலாம்’ என்றால் பலன் எப்படி வரும்?

வரவில்லை. 2017-ல் நெதர்லாந்தில் 681 இடுப்புவலிக்காரர்களை வைத்து, உடற்பயிற்சி மட்டும், உடற்பயிற்சியோடு நரம்பு சுடுவது என்று மூன்று பரிசோதனைகளில் ஒப்பிட்டார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமில்லை. உடனே ஊசிக்காரர்கள், ‘நீங்கள் ஆள் பொறுக்கியது சரியில்லை, ஒரு தடவைதான் சோதித்தீர்கள்’ என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அதே ஒரு தடவைச் சோதனையோடுதான் ஊர் பூராவும் செய்கிறார்கள் என்பதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

கடைசி அத்தியாயம் 2025 பிப்ரவரி. ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. டாக்டர்களோடு வலியோடு வாழும் நோயாளிகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கழுத்து, முதுகு வலிக்கு, புற்றுநோயாலும் அழற்சி வாதத்தாலும் வந்ததல்ல என்றால், மூட்டு ஊசி, நரம்பு சுடுதல் இரண்டையும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னார்கள். வலி நிபுணர்களின் சங்கங்கள் கொதித்தெழுந்தன. விதவிதமான நோயாளிகளையும் விதவிதமான முறைகளையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டீர்கள் என்பது அவர்கள் புகார்.

எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வருத்தம். கழுத்தைப் பற்றிய நல்ல பரிசோதனைகள் இடுப்பைப் பற்றியவற்றைவிடக் குறைவு. 1996-ன் 24 பேரைப்போல் சலித்தெடுத்த இருநூறு பேரை வைத்து யாராவது செய்து பார்த்திருந்தால் சண்டை தீர்ந்திருக்கும். ஊசிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள்தான் அதைச் செய்து காட்டியிருக்க வேண்டும். வண்டி விற்கிறவன்தானே ஓட்டிக் காட்ட வேண்டும்? ஆனால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடுகிற விஷயத்தில், நண்பருக்குச் சொன்ன அந்த மூன்று தவணை பேக்கேஜ் விஷயத்தில், எனக்குச் சந்தேகமில்லை. 1994-க்கு இதுவரை நல்ல பதில் வரவில்லை.

‘போட்டுத்தான் பார்ப்போமே, என்ன குடிமுழுகிவிடும்?’ என்பவர்களுக்கு: பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கூடுதல் வலி. சர்க்கரை வியாதி இருந்தால் ஸ்டீராய்டு சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், இது நம் ஊரில் முக்கியம். அரிதாகக் கிருமி தொற்றலாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயும் தண்டுவடமும் பக்கத்திலேயே இருக்கின்றன, அதனால்தான் எக்ஸ்ரே பார்த்துப் போடுகிறார்கள். மருந்தே அசுத்தமாக இருந்தால்? 2012-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு கம்பெனி தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகெலும்புப் பகுதியிலும் மூட்டுகளிலும் போடப்பட்டு, 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய் வந்தது, 64 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குக் கொடுத்தது. எல்லோரும் வலிக்காகப் போனவர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பலன் மூன்று நாள் என்றால், லட்சத்தில் ஒரு ஆபத்தும் விலை அதிகம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நண்பருக்கு ஒரு காகிதத்தில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். எந்த மூட்டு? அதுதான் என்று எப்படித் தெரியும், எத்தனை தடவை சோதிப்பீர்கள்? உங்களிடம் போட்டுக்கொண்டவர்களுக்கு நிம்மதி எத்தனை நாள் நிற்கிறது? போடாமல் விட்டால் என்ன ஆகும்? கூடவே, கையில் பலம் குறைந்தால், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால், இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் எழுதினேன். அது வேறு கதை.

போய்க் கேட்டிருக்கிறார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “ரெண்டு வாரம் தாங்கும்னு வைங்க. சிலருக்குக் கூடவும் தாங்கும்” என்றாராம். “பின்ன எதுக்கு டாக்டர் மூணு?” என்று கேட்டதற்கு, “வர்றவங்க ஏதாவது செய்யுங்கன்னு கேக்கறாங்களே” என்று சொன்னாராம்.

அந்த பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது முழுக்க டாக்டரின் தப்பு இல்லை. ‘பொறுத்திருங்கள், தினம் கழுத்துப் பயிற்சி செய்யுங்கள், நடங்கள், ஆறு மாதத்தில் பார்ப்போம்’ என்று சொல்கிற டாக்டருக்கு நாம் ஃபீஸ் கொடுக்க யோசிக்கிறோம். அதற்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. ஊசிக்குத்தான் பில் போட முடியும். பயிற்சிக்கும் பிரமாதமான அத்தாட்சி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் உதவுகிறது என்பதுதான் ஆராய்ச்சிகளின் சாரம். ஆனால் அதற்கு ஊசி வேண்டாம், பென்ஷனில் கை வைக்க வேண்டாம்.

நண்பர் பேக்கேஜை வேண்டாமென்று சொல்லிவிட்டார். காலையும் மாலையும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி. வலி தாங்க முடியாமல் போனால் முறையாக இரண்டு தடவை சோதித்து, நரம்பு சுடுவதைப் பற்றி அப்போது யோசிப்பதாக ஏற்பாடு. நேற்று போன் செய்தார். ஸ்கூட்டரை ரிவர்ஸ் எடுக்கும்போது தலையைத் திருப்பிப் பார்க்க முடிகிறதாம், எட்டு மாதத்தில் முதல் தடவை.

இதைப் பயிற்சியின் வெற்றி என்று நான் எழுதினால், மேலே கால்டனைப் பற்றி எழுதியதை நானே படிக்கவில்லை என்று அர்த்தம். தானாகவே குறைந்திருக்கலாம். ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர் வந்திருக்கும்.